ஆஸ்பத்திரி இரவு ஒன்று, இரண்டாகும் அரங்கம்: 'லாசரெஸ்கு' திரையிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக பிலிம் சொசைட்டி தொடங்கும் இளைஞர்கள் பலர் 'திரு. லாசரெஸ்குவின் மரணம்' படத்தைத் தங்கள் பட்டியலில் சேர்க்கிறார்கள். சந்தோஷமான விஷயம். ருமேனிய இயக்குநர் கிறிஸ்டி புயு 2005-இல் எடுத்த படம் அது. அந்த ஆண்டு பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் 'அன் செர்டெய்ன் ரிகார்ட்' பிரிவின் பரிசை வென்றது. புக்காரெஸ்ட் நகரத்து அடுக்குமாடி வீடொன்றில் பூனைகளோடு தனியாக வாழும் ஒரு முதியவருக்குத் தலைவலி, வயிற்றுவலி. ஆம்புலன்ஸ் வருகிறது. இரவு முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறார்கள். கதை அவ்வளவுதான், ஓடும் நேரம் இரண்டரை மணிக்கும் மேல்.

விளக்கு எரிந்ததும் அரங்கம் இரண்டாகிவிடும். ஒரு பக்கம் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும், இன்னொரு பக்கம் எரிச்சலோடு எழுந்து போகும். அந்தப் பிளவை நல்ல உரையாடலாக மாற்றுவது நடத்துபவரின் வேலை. ஆரம்பத்தில் என்னைப் போன்றவர்கள் செய்த அதே பிழைகளை இப்போது அடுத்த தலைமுறை அச்சு மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சப்டைட்டில் ஓடுகிறதா, மைக் வேலை செய்கிறதா போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிரிப்புப் படம் என்று கூப்பிடுவது

மேலை நாட்டு விளம்பரங்களிலும் விமர்சனங்களிலும் இந்தப் படத்துக்கு 'கறுப்பு நகைச்சுவை' என்ற முத்திரை அடிக்கடி விழுந்தது. அதை அப்படியே எடுத்து வாட்ஸ்அப் அறிவிப்பில் போட்டுவிடுகிறார்கள். படத்தில் சிரிப்பு இருக்கிறது, இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு மாத்திரை தருவதும், பூனை நாற்றத்தைப் பற்றி அந்த நேரத்தில் சண்டை போடுவதும் சிரிப்பு வரவழைக்கும். ஆனால் சிரிக்கலாம் என்று நம்பி வந்தவர், ஒரு மனிதர் நினைவு குழறி, பேச்சு குழறி, கடைசியில் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் போவதைப் பார்க்கும்போது ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார். அந்தக் கோபம் படத்தின் மேல் விழுகிறது. பிறகு அவரிடம் என்ன பேசியும் பயனில்லை.

இடைவேளை விடுவது

விடாதீர்கள்.

மெதுவாகப் போகிறது என்பவரைக் கேலி செய்வது

கிட்டத்தட்ட முதல் மூன்றில் ஒரு பங்கு அந்த வீட்டிலும் மாடிப்படியிலும்தான் நடக்கிறது. போன் போடுகிறார், காத்திருக்கிறார், மறுபடி போன் போடுகிறார். "ஆம்புலன்ஸ் வர இவ்வளவு நேரமா" என்று பார்வையாளர் நெளிந்தால் அவர் படத்தைச் சரியாகத்தான் பார்க்கிறார். அந்த நெளிவை வைத்தே பேச்சைத் தொடங்கலாம். "உலக சினிமா பார்க்கப் பொறுமை வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆள் அடுத்த மாதம் வர மாட்டார். எனக்குத் தெரிந்து இப்படிப் போனவர்கள் நிறைய.

டாக்டர்களுக்கு எதிரான படம் என்று அறிமுகம் செய்வது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத தவறு. மற்றதெல்லாம் ஒரு மாலையைக் கெடுக்கும். இது ஒரு சொசைட்டியையே கெடுக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சிறு நகரத்துத் திரையிடலுக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். நடத்திய பையன் நல்ல படிப்பாளி, ஆர்வமுள்ளவன். மைக்கைப் பிடித்து, "உயிரோடு விளையாடும் டாக்டர்களைத் தோலுரிக்கும் படம் இது" என்றான். முன்வரிசையில் அரசு ஆஸ்பத்திரியில் கேஷுவல்டி டியூட்டி பார்க்கும் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். அவருக்குப் பின்னால் நர்சிங் படிக்கும் பெண்கள் சிலர். படத்தின் முதல் காட்சி ஓடுவதற்கு முன்பே அவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டுவிட்டார்கள்.

படம் முடிந்தது. ஒருவர் எழுந்து, தன் அப்பாவை எப்படி மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு அலைக்கழித்தார்கள் என்று சொன்னார். உண்மையான வலி, கேட்டவர்கள் கை தட்டினார்கள். அடுத்தவர் தன் மாமியார் கதையைச் சொன்னார். அப்புறம் பில் தொகை, ஐசியூ, வெளியே எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு. லாசரெஸ்கு என்று ஒரு மனிதர் திரையில் இருந்தார் என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த மருத்துவர் பேச எழுந்தபோது பின்னாலிருந்து, "நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்று ஒரு குரல். அவர் உட்காரவில்லை, அப்படியே வெளியே போனார். நர்சிங் மாணவிகளும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவரிடம் பேசினேன். "மூணாவது ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் சொன்னது சட்டப்படி சரி சார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். அன்று மாலை முழுக்க உள்ளே பேசப்பட்ட எதையும்விட அந்த ஒரு வரியில் படம் இருந்தது. உள்ளே இருந்த யாருக்கும் அது கிடைக்கவில்லை.

அவர் சொன்ன காட்சியைப் பார்ப்போம். அதற்குள் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. மூளையில் ரத்தக் கட்டு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். ஈரலில் புற்றுக்கட்டி, அதற்கு இனி செய்ய எதுவும் இல்லை. நோயாளியின் கையெழுத்து இல்லாமல் ஆபரேஷன் செய்ய மாட்டோம் என்கிறார்கள் மருத்துவர்கள். அவரோ எதில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று புரியும் நிலையிலேயே இல்லை. கூட வந்த ஆம்புலன்ஸ் செவிலியர் மியோவாரா கெஞ்சிப் பார்க்கிறார். நினைவு முற்றிலும் தப்பும்வரை வண்டியிலேயே சுற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள், அப்போது கையெழுத்து தேவைப்படாது என்று பதில் வருகிறது. நோயாளியின் சம்மதம் என்பது நோயாளியைக் காப்பதற்காக வந்த ஏற்பாடு. அதுவே இங்கே அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. "கெட்ட டாக்டர்" என்று சொல்லி இந்தக் காட்சியைத் தாண்டிவிட்டால், நல்ல டாக்டர் ஒருவர் அதே இடத்தில் என்ன செய்திருப்பார் என்ற கேள்வியை எழுப்பவே முடியாது.

மற்ற ஆஸ்பத்திரிகளும் ஒன்றைப்போல ஒன்று இல்லை. முதலாவதில் வாயில் சாராய வாடை அடிக்கிறது என்று அவரைத் திட்டுகிறார்கள். அன்றிரவு நகரில் பெரிய பஸ் விபத்து, அடிபட்டவர்கள் வந்து குவிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் படம் அதே காட்சியில் காட்டுகிறது. இரண்டாவதில் இளம் மருத்துவர்கள் அக்கறையோடு நடந்துகொள்கிறார்கள். தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு ஸ்கேன் எடுக்க வழி செய்கிறார்கள். ஆனால் அறுவைக்கூடம் காலி இல்லை. நான்காவதில் பெரிதாக எந்தப் பாசமும் இல்லை, சோர்ந்துபோய் இருக்கிறார்கள், ஆனால் சேர்த்துக்கொள்கிறார்கள். அக்கறை இருந்த இடத்தில் இடம் இல்லை, இடம் கிடைத்த இடத்தில் நேரம் கடந்துவிட்டது. படத்தில் வரும் எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கிறது, பெரும்பாலானவை பொய்யும் இல்லை. அந்தக் காரணங்களுக்கு நடுவில் ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறார்.

அப்புறம் மியோவாரா. லுமினிட்ஸா கியோர்கியு நடித்திருக்கும் இந்தச் செவிலியரும் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்தான். அவருக்கே பித்தப்பை வலி. நோயாளிக்கு என்னவாக இருக்கும் என்று அவர் சொன்னால், நீ யார் நோயைக் கண்டுபிடிக்க என்று மருத்துவர்கள் அவமானப்படுத்துகிறார்கள். அதையும் தாங்கிக்கொண்டு கூடவே இருக்கிறார். டாக்டர் எதிர்ப்புப் படம் என்ற சட்டகத்துக்குள் இவரை எங்கே வைப்பீர்கள்? அன்று நர்சிங் மாணவிகள் உட்கார்ந்திருந்தால் இவரைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். அந்த ஊர்ச் சொசைட்டிக்கு மருத்துவத் துறையிலிருந்து அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அறிமுகத்தில் என்னதான் சொல்வது? ஊர் எது, ஆண்டு எது, ஒரே இரவில் நடக்கும் கதை என்ற அளவில் நிறுத்துங்கள். தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள். படம் முடிந்ததும் முதல் கேள்வியாக நான் கேட்பது: "நீங்கள் மியோவாராவாக இருந்தால் எந்த இடத்தில் வீட்டுக்குக் கிளம்பியிருப்பீர்கள்?" இதற்குப் பதில் சொல்லும்போது மருத்துவர் இவர், நோயாளியின் மகன் அவர் என்ற அணிப் பிரிவு உடைகிறது. ஒரு டாக்டர் "கடைசிவரை இருந்திருப்பேன்" என்பார். அப்பாவைப் பறிகொடுத்த மகன் ஒருவர், "ரெண்டாவது ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டு வந்திருப்பேன், மறுநாள் டியூட்டி இருக்கே" என்று தயங்கிச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சொந்த ஆஸ்பத்திரி அனுபவங்கள் அதற்கப்புறம் வரட்டும், தாராளமாக வரட்டும். படத்தைப் பேசிய பிறகு வரும் அனுபவம் அடுத்தவரைக் கேட்க விடுகிறது. படத்துக்குப் பதிலாக வரும் அனுபவம் அடுத்தவரின் வாயை அடைக்கிறது.

"பிடித்ததா, பிடிக்கவில்லையா?" என்று கை தூக்கச் சொல்வது

இரண்டு அணி பிரித்துக் கபடி விடவா போகிறோம்? வேண்டாம்.

ருமேனியாவில் நடப்பது என்று ஒதுக்குவது, அல்லது முழுக்க நம்ம ஊர்க் கதை ஆக்குவது

இரண்டுமே தப்பு. இதற்கு ஓர் உண்மைச் சம்பவம் பின்னணியில் உண்டு. 1997-இல் புக்காரெஸ்ட்டில் ஒரு நோயாளியைப் பல ஆஸ்பத்திரிகள் சேர்க்க மறுத்தன. கடைசியில் ஆம்புலன்ஸ்காரர்களே அவரைத் தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள், அவர் இறந்துபோனார். இதை அரங்கில் அவசியம் சொல்லுங்கள், ஆனால் படத்துக்குப் பிறகு சொல்லுங்கள். நிஜத்தில் கைவிட்டது ஆம்புலன்ஸ். புயுவின் படத்தில் கைவிடாமல் இருப்பது ஆம்புலன்ஸில் வந்த பெண். இயக்குநர் தெரிந்தே செய்த மாற்றம் அது. மியோவாராவை முன்கூட்டி ஊகிக்க வைக்காமல், பார்த்து முடித்த பிறகு இந்தத் தகவலைக் கொடுத்தால் அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

நம் பார்வையாளர்களைத் தொடும் இடம் வேறொன்று இருக்கிறது. லாசரெஸ்குவின் மகள் கனடாவில் இருக்கிறாள். சகோதரி வேறு ஊரில், மறுநாள்தான் வர முடியும். பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸில் கூட ஏற மறுத்துவிடுகிறார். பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் மட்டும் ஊரிலும் இருக்கும் வீடுகளிலிருந்து வருபவர்கள் இந்த விஷயத்தில் கடுமையாகப் பிரிவார்கள். "மகளுக்கு ஒரு போன் போடக்கூடாதா" என்று வயதானவர்கள் கேட்பார்கள். "போட்டாலும் அங்கிருந்து என்ன செய்ய முடியும்" என்று இளையவர்கள் சொல்வார்கள். குறுக்கே போகாதீர்கள். அம்மாவும் மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முதல் தடவையாக இதைப் பேசிக்கொள்வதாகவும் இருக்கலாம்.

பெயர்களைத் துருவுவது

படத்தில் வரும் பெயர்களை வைத்து தாந்தே, ரெமுஸ், விர்ஜில், லாசரெஸ்கு என்று இலக்கியமும் பைபிளும் அறிந்தவர் யாராவது ஆரம்பித்துவிடுவார். ஐந்து நிமிடம் கொடுங்கள், ஆறாவது நிமிடம் மைக்கை வாங்கிவிடுங்கள்.

முன்கூட்டிச் சொல்லாமல் முதியவர்களைக் கூட்டி வருவது

படத்தில் உடல் அவமானப்படும் இடங்கள் இருக்கின்றன. ரத்த வாந்தி, தன்னை அறியாமல் மலம் கழிப்பது, உடையைக் கழற்றுவது, தலையை மழிப்பது. லாசரெஸ்குவாக வரும் யோன் ஃபிஸ்குட்டேயானு அதை நடிப்பாகவே தெரியாதபடி செய்திருக்கிறார். வீட்டில் படுத்த படுக்கையாக யாரையோ விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் மூச்சு விட வந்த ஒரு அம்மாவுக்கு இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். அறிவிப்பிலேயே இரண்டு வரி எழுதிவிடுங்கள். கூட்டம் குறையும் என்று பயப்பட வேண்டியதில்லை. தெரிந்து வருகிறவர்கள் கடைசிவரை இருந்து பார்ப்பார்கள்.

"அவர் செத்துட்டாரா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது

தலைப்பில் இருக்கும் மரணத்தைப் படம் காட்டவில்லை. கழுவி, மழித்து, ஆபரேஷனுக்குத் தயாராகப் படுக்க வைத்திருக்கிறார்கள், அங்கேயே முடிந்துவிடுகிறது. கேட்டவரிடமே கேள்வியைத் திருப்பிக் கொடுங்கள்.

அதே நாளில் 'அமூர்' படத்தையும் போடுவது

முதுமை பற்றிய இரண்டு படங்கள் என்று சேர்த்துவிடுகிறார்கள். மைக்கேல் ஹனெக்கேயின் அந்த 2012 படம் கானில் உச்சப் பரிசான தங்கப் பனை வாங்கியது. அதில் மனைவி, இனி ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்று கணவரிடம் வாக்கு வாங்குகிறாள். லாசரெஸ்குவை ஆஸ்பத்திரி உள்ளே விட மறுக்கிறது, இவளோ ஆஸ்பத்திரியை மறுக்கிறாள். அரங்கம் இங்கே பிரியும் கோடு முற்றிலும் வேறு. கணவர் கடைசியில் செய்வது அன்பா, கொலையா என்பதில்தான் சண்டையே வரும். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் பின்னது முன்னதை அடித்துவிடும். ஒரு மாத இடைவெளியாவது விடுங்கள்.

ஆறு மணிக்குத் தொடங்குவது

எட்டரைக்கு மேல்தான் படம் முடியும். பேச்சு சூடு பிடிக்கும்போது ஒன்பதரை ஆகிவிடும், டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போவார்கள். அவர்களில் பலர் பேச வேண்டியவர்கள்: வேலை முடிந்து வந்த செவிலியர்கள், தனியாக வரும் பெரியவர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குத் திரையைப் போடுங்கள். முடிந்ததும் டீ கொடுத்துவிட்டு உட்காருங்கள்.