சாவியும் முதல் சம்பளமும்: மலையகத்துப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரைக்கும் உள்ள அந்தச் சில மாதங்களில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திடீரென்று வயது ஏறிவிடும். மகன் யாருடைய ஆட்டோவிலோ ஏறி உட்கார்ந்து ஹேண்டிலை முறுக்கிக்கொண்டிருப்பான். மகள், டவுனில் புடவைக் கடையில் ஆள் எடுக்கிறார்களாம், போகட்டுமா என்று கேட்பாள். இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான்: என்னை நம்புகிறீர்களா?

நான் தலவாக்கலைப் பக்கம் இருபது வருஷமாக வேன் ஓட்டுகிறேன். என் பிள்ளைகளுக்கும் தம்பி மகனுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதில் நான் செய்த தவறும் உண்டு, அக்கம்பக்கத்தில் பார்த்த தவறுகளும் உண்டு.

அதிகம் பார்ப்பது, "தோட்ட ரோடுதானே, பொலிஸ் வராது" என்று 14, 15 வயதிலேயே சாவியைக் கொடுப்பது. பொலிஸ் வராமல் இருக்கலாம். ஆனால் ஓட்டிப் பழகுகிறவனுக்குத் தோட்ட ரோட்டைவிட மோசமான ரோடு கிடையாது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் மழைத் தண்ணீர் அரித்த குழி, வளைவு திரும்பினால் எதிரே கொழுந்து லொறி. லைசன் எடுக்க 18 வயது ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. லைசன் இல்லாதவன் மோதினால் வண்டிச் சேதத்துக்குக் காப்புறுதிக் காசும் கிடைக்காது. இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. யாரும் பார்க்காத இடத்தில் சட்டம் வேண்டாம் என்பதை அந்தப் பிள்ளை அப்பாவிடமிருந்தே கற்றுக்கொள்கிறான். அப்புறம் அவனைக் கண்ணுக்கு மறைவாக நம்பி அனுப்புவது எப்படி?

அடுத்தது, ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போதே கெட்ட பழக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பது. மலையில் முதலாவது கெட்ட பழக்கம், இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. பெட்ரோல் மிச்சமாம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, பெட்ரோலுக்குக் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் பக்கம் இந்தப் பழக்கம் நன்றாக ஒட்டிக்கொண்டது, இன்னும் போகவில்லை. நியூட்ரலில் இறங்கினால் வண்டியின் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. தொடர்ந்து மிதிக்க மிதிக்க பிரேக் சூடேறி, பிடிப்பு குறைந்துகொண்டே போகும். கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். அப்போது வேகத்தை என்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக் தேவையான இடத்தில் மட்டும் வேலை செய்யும்.

இதை வாயால் சொன்னபோது தம்பி மகன் தலையாட்டினான், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்டரியிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் அவனை இறக்கச் சொன்னேன். பக்கத்தில் நான், முன்னும் பின்னும் எல் போர்ட். மூன்றாம் கியரில் விட்டு, வழி நெடுக பிரேக்கை மிதித்தபடியே வந்தான். கீழே வந்ததும் இறங்கி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகச் சொன்னேன். தொடச் சொல்லவில்லை, பக்கத்தில் மட்டும். கையை வெடுக்கென்று எடுத்துவிட்டான்.

"என்ன நாத்தம் பெரியப்பா இது?"

"பிரேக் கருகிற நாத்தம். இன்னும் ரெண்டு மைல் இப்படியே வந்திருந்தா?"

பதில் பேசவில்லை. நன்றாக ஆறவிட்டு, மறுபடி மேலே போய் இரண்டாம் கியரில் இறங்கினோம். கீழே வந்ததும் நான் சொல்லாமலேயே போய்க் கையை வைத்துப் பார்த்தான். சூடு இருந்தது, நாத்தம் இல்லை. அன்றைக்குப் பிறகு அவனுக்குக் கியரைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் செத்துப்போனது எங்கள் பக்கம் யாருக்கும் மறக்காது. அந்த இறக்கத்தில் வண்டி ஓட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ஞாபகம் வரும்.

லைசன் கையில் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். சோதனையன்று பனிமூட்டம் இருக்காது, சறுக்கும் சேறு இருக்காது, பின் சீட்டில் ஆறு கூட்டாளிகள் இருக்க மாட்டார்கள். நான் படிப்படியாகத்தான் விட்டேன். முதல் மாதம் பகலில், தெரிந்த ரோட்டில், தனியாக அல்லது வீட்டு ஆட்களோடு. அப்புறம் மழையில். அதற்குப் பிறகு மூட்டத்தில். ஹை பீம் போட்டால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும், டிம்தான் போட வேண்டும் என்பது ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் புரியும். இரவு கடைசியில். எந்தப் படி எப்போது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பிள்ளைக்கு அது சந்தேகமாகத் தெரியும்.

இன்னொன்று, போன். பிள்ளை வண்டியோடு போனதும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "எங்க இருக்க?" என்று அடிக்கிறோம். எடுக்காவிட்டால் வீட்டுக்கு வந்ததும் சண்டை. அந்தச் சண்டைக்குப் பயந்து, வளைவில் ஒரு கையால் போன் எடுக்கப் பழகிவிடுகிறான். போய்ச் சேர்ந்ததும் நீ போன் பண்ணு, அதுவரை நாங்கள் பண்ண மாட்டோம் என்று பேசி வைத்தால் போதும். அதை மீறாமல் இருப்பது எங்களுக்குத்தான் கஷ்டம்.

மகளுக்கு லைசன் எதற்கு என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரசவத்துக்கோ அப்பாவின் நெஞ்சுவலிக்கோ ராத்திரியில் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ தேடி அலைந்த வீட்டில் இந்தக் கேள்வி வராது.

இனி வேலை. இங்கே எனக்குக் கோபமே வரும். இலங்கையில் வேலைக்குச் சேர்க்கும் குறைந்தபட்ச வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான வேலைகளுக்கு 18. ஆனாலும் தெரிந்தவர் ஒருவர் வந்து "கொழும்பில் நல்ல இடம்" என்றதும், அந்த இடம் எங்கே, யார் வீடு, பிள்ளை எங்கே படுக்கும் என்று கேட்காமல் அனுப்பிவிடுகிறோம். 2021 ஜூலையில் டயகமவிலிருந்து வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். மலையகமே தெருவுக்கு இறங்கியது. தூரத்துக்கு அனுப்பி உழைக்க வைப்பதைப் பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுப்பது என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. முதல் வேலை, சாயந்திரம் பஸ் ஏறி வீடு வந்து சேரக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு ஹோட்டல்களிலும் கடைகளிலும் ஆள் தேவைப்படும். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கடைகள் இருக்கின்றன. சேரும் முன் நீங்கள் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், அதற்குப் பிறகு தினமும் போய் நிற்க வேண்டாம். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்கலாம். அசலை முதலாளியிடம் விட்டுவிட்டு வரவே கூடாது.

சேர்ந்த முதல் மாதமே ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். சம்பளத்தில் 8 சதவீதம் பிள்ளையுடையது, 12 சதவீதம் முதலாளி போடுவது, அதற்கு மேல் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதமும் முதலாளிதான் போட வேண்டும். தோட்டத்தில் செக்ரோல் என்ற வரவுப் பதிவில் பேர் விழுந்ததா, அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டுவிட்டார்களா என்று கணக்குப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தைக் கடையில் வேலை செய்யும் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். முதலாளியிடம் மரியாதையாகக் கேட்கத் தெரிந்த பிள்ளையை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

சம்பளம் வந்த அன்றைக்கு முழு கவரையும் வாங்கி அம்மா அலமாரியில் வைப்பது எங்கள் வழக்கம். வீட்டில் கஷ்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முழுவதையும் வாங்கினால் அடுத்த மாதத்திலிருந்து பிள்ளை மறைக்கத் தொடங்கும், ஓவர்டைம் காசைச் சொல்லாது. வீட்டுக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசி, மிச்சத்தை அதன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போட விடுங்கள். வீணாக்கினால் வீணாக்கட்டும். ஐயாயிரம் ரூபாயை வீணாக்கிப் பார்த்தவன் லீசிங்கில் ஐந்து லட்சத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் யோசிப்பான். 18 முடிந்த அன்றைக்கே லீசிங்கில் ஆட்டோ எடுத்துக் கொடுப்பதைப் பாசம் என்று நினைக்கிறார்கள். மாதத் தவணைக்காக ராத்திரி பகலாக ஓடும் பையன் தூக்கத்தோடு ஓடுவான்.

என்னுடைய தவறையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் முதல் தடவை வேனை மதிலில் உரசியபோது நான் கேட்ட முதல் கேள்வி, "வேனுக்கு என்ன ஆச்சு?" சத்தம் போட்டேன், சாவியைப் பிடுங்கினேன். இரண்டாவது உரசலை அவன் இரண்டு மாதம் மறைத்து வைத்திருந்தான். பின் கதவின் கீழே, சேறு பூசி. கழுவும்போதுதான் பார்த்தேன். வண்டியில் விழுந்த கோடு பெரிய விஷயம் இல்லை. என்னிடம் சொல்ல முடியாது என்று அவன் முடிவு செய்திருந்தான், அதுதான் வலித்தது.

தம்பி மகன் போன வருஷம் லிந்துலைப் பக்கம் ஒரு வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கி, மரத்தில் சைட் கண்ணாடியை உடைத்துக்கொண்டான். வண்டியை நிறுத்திவிட்டு அவனே எனக்குப் போன் எடுத்தான். "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் நடந்ததை எல்லாம் சொன்னான், தான் கொஞ்சம் வேகமாக வந்ததையும் சேர்த்து. கண்ணாடிக் காசில் பாதியை அவன் கடைச் சம்பளத்திலிருந்து கொடுத்தான், பாதியை நான் போட்டேன். அடுத்த சனிக்கிழமை பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சாவி கேட்டு வந்தான். கொடுத்தேன்.