காட்டாற்றில் காரை இறக்கும் முன்

ஆழமான நீரோடையைக் காரில் கடக்க வேண்டியிருந்தால், முதலில் பானட்டைத் திறந்து, எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதன் வழியாக நீர் சிலிண்டருக்குள் புகுந்தால், நீர் காற்றைப்போல் அமுங்காது என்பதால், மேலேறும் பிஸ்டன் முட்டி நின்று அதைத் தாங்கி இயக்கும் கனெக்டிங் ராடு என்னும் தண்டு வளைந்துவிடக்கூடும். நடுநீரில் எஞ்சின் நின்றால் மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மஹிந்திரா தார் வண்டி கடக்கக்கூடியதாக நிறுவனம் குறிப்பிடும் நீரின் ஆழம் 650 மில்லிமீட்டர். வேகமாக ஓடும் நீரில் அந்த அளவை நம்பி இறங்காதீர்கள்.

எஞ்சின் காற்றை உயரத்திலிருந்து உறிஞ்ச உதவும் ஸ்நார்கெல் குழாயைப் பொருத்தியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர் மறந்துவிடுவது, சக்கரங்களுக்கு நடுவே அச்சில் இருக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் பிரீதரை, அதாவது அதன் காற்றுத் துளையை. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, அந்தச் சிறு துளை வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே அதில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, எஞ்சின் அறையின் உச்சிவரை கொண்டுபோய்க் கட்டுங்கள். இறங்கும் முன் சில நிமிடங்கள் வண்டியை ஆறவும் விடுங்கள்.

முன்கிரில்லின்மேல் தார்ப்பாயை இறுகக் கட்டி, முதல் கியரில் நிற்காமல் நிதானமாகச் செல்லுங்கள். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துங்கள். மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், உடனே மாற்றிவிடுங்கள்.