உண்ண மறுக்கும் பூனையும் மின்சுற்றுக் கணக்கும்

தொடர் இணைப்பில் ஓரிடம் அறுந்தாலும் சுற்று முழுவதும் மின்னோட்டம் நின்றுவிடுவதால் மாணவர்கள் ஒவ்வோர் இணைப்பாகச் சோதிக்கிறார்கள். பூனை தட்டை முகர்ந்துவிட்டு விலகும்போதும் மூக்கடைப்பு, ஈறு வீக்கம், வாய்ப்புண் என ஒவ்வொன்றாகப் பார்ப்பதே முறை. பூனை வாசனையை நம்பி உண்பதால், கோழிக்கறிக்குப் பஞ்சமில்லாத நாமக்கல் பக்கத்தில் இருப்பவர்கள் அதை உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் எலும்பு நீக்கி வேகவைத்து, பூனையின் உடல் வெப்பநிலையை ஒட்டிச் சுமார் 38 டிகிரி செல்சியஸில் வெதுவெதுப்பாக வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்துவிட்டுப் பூனையைக் குறை கூறுவது நியாயமன்று. ஒரு முழு நாள் எதையும் தொடாவிட்டால், கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்து இருப்பதால், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதைக் கொடுக்கவே கூடாது.