சர்வர் பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

மருத்துவமனையோ மின்நிலையமோ, எந்த இடத்துச் சர்வர்களானாலும் நான் முதலில் கேட்பது பயனர் பட்டியலைத்தான். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் இன்னும் திறந்து கிடக்கின்றனவா? 2021-இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் இணையத் தாக்குதலால் எரிபொருள் குழாயையே நிறுத்த வேண்டி வந்தது. தாக்கியவர்கள் நுழைந்தது புழக்கத்தில் இல்லாத ஒரு விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) கணக்கு வழியாக. கடவுச்சொல் மட்டுமே போதுமாக இருந்தது. கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கும் இரண்டாம் சரிபார்ப்பு இல்லை. அப்படிப்பட்ட கணக்குகளை இன்றே முடக்குங்கள். வெளியிலிருந்து நுழையும் எல்லோருக்கும், அட்மினையும் சேர்த்து, இரண்டாம் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். குறுஞ்செய்தி ஓடிபியைவிட பாதுகாப்புச் சாவி (யூஎஸ்பி போலக் கையில் வைத்திருக்கும் சிறு கருவி) நல்லது.

அப்புறம் பேக்கப். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) உள்ளே வந்தால் நெட்வொர்க்கில் எட்டுகிற பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிடும். ஒரு பிரதியாவது கழற்றி வைத்த டிஸ்கில் இருக்கட்டும். 2017-இல் நாட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, கானாவில் மின்தடையால் அணைந்திருந்த ஒரு டொமைன் கண்ட்ரோலர் (பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் சர்வர்) மட்டும்தான் தப்பியது. அதை வைத்தே மீண்டார்கள். நீங்கள் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்காதீர்கள். மாதம் ஒருமுறை காலி சர்வரில் மீட்டுப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். மீட்டுப் பார்க்காததை நான் பேக்கப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பேட்ச் (மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடுவதை, இணையத்தை நேராகப் பார்த்து நிற்கும் ஃபயர்வால் (உள்ளே வருவதை வடிகட்டும் தடுப்பு), விபிஎன் பெட்டிகளிலிருந்து தொடங்குங்கள்.