மிஸ்டர் எக்ஸ் வருவதற்குள்: ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேப்காம் நிறுவனத்தின் ஜாம்பித் திகில் வீடியோ கேமான ரெசிடென்ட் ஈவில் 2-இன் ரீமேக் 2019 ஜனவரி 25 அன்று வெளியானது. இன்றும் தள்ளுபடியில் வாங்கி முதல்முறையாக ஆடத் தொடங்குகிறவர்களுக்குக் குறைவில்லை. 1998இல் வந்த மூல ஆட்டத்தைப் பலமுறை முடித்துவிட்டுப் பழைய தைரியத்தோடு இதற்குள் வருகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு தரப்பும் ரக்கூன் சிட்டி காவல் நிலையத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் அநேகமாக ஒன்றேதான். புதிதாக ஆடுகிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தால், பழைய ரசிகர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த தவறுகள் வரிசை மாறாமல் திரும்ப வருவது தெரியும்.

தோட்டாவைச் சிக்கனமாகச் செலவழியுங்கள், அடிக்கடி சேவ் செய்யுங்கள், தலையைக் குறிவையுங்கள் என்பதெல்லாம் ஆட்டமே சொல்லித் தந்துவிடும். அவற்றை விட்டுவிடலாம். கதையின் சில திருப்பங்கள் கீழே வருகின்றன. தெரியாமல் ஆட விரும்புகிறவர்கள் ஒருமுறை முடித்துவிட்டு வந்து படிக்கலாம்.

விழுந்த ஜாம்பியைச் செத்ததாக நினைப்பது

இது பெரும்பாலும் பழைய ரசிகர்கள் செய்வது. 1998 ஆட்டத்தில் ஜாம்பி விழுந்து, அதன் கீழே ரத்தம் குளமாகப் பரவினால் கதை முடிந்தது என்று பொருள். கண் அந்த அடையாளத்துக்குப் பழகிப்போயிருக்கும். ரீமேக்கில் அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. நான்கு தோட்டா வாங்கி விழுந்த உடல் அரை நிமிடம் அசையாமல் கிடந்துவிட்டு, நீங்கள் தாண்டும்போது கணுக்காலைப் பிடிக்கும்.

தலை சிதறிப்போனால்தான் நிச்சயம். மற்ற எல்லா உடலையும் கத்தியால் ஒருமுறை கீறிப் பாருங்கள். உயிர் இருந்தால் துடிக்கும், முனகும். ஓரிரு கீறலில் கத்தி அதிகம் தேயாது. ஆனால் படுத்த ஜாம்பியைக் கத்தியாலேயே வெட்டி முடிக்கப் பார்த்தால் கத்தி உடைந்துவிடும். மூல ஆட்டத்தின் கத்திக்குத் தேய்மானமே இல்லை. இதில் உண்டு. ஜாம்பி கட்டிப்பிடிக்கும்போது கடிபடாமல் தப்பிக்க உதவுவதும் இதே கத்திதான். அப்படிக் குத்திவிட்டால் கத்தி அதன் உடலிலேயே நின்றுவிடும். அந்த ஜாம்பியை வீழ்த்தினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமல் ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

பயத்துக்குச் சுடுவது, பாதைக்குச் சுடாமல் விடுவது

மற்ற தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பார்க்கும்போது மட்டும் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதன் விலை இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அப்போது திருத்த வழி இருக்காது.

வழக்கமாக நடப்பது இதுதான். நாயகர்கள் இருவரில் ஒருவனான லியோன் காவல் நிலையத்துக்குள் நுழைகிறான். கையில் 12 தோட்டா பிடிக்கும் மெட்டில்டா கைத்துப்பாக்கி. கிழக்குப் பக்கத்துக் கதவின் ஷட்டருக்குக் கீழே புகுந்தால் இருட்டும், தேங்கிய தண்ணீரும், அங்கங்கே பிணங்களும். உள்ளே போய் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் அந்தப் பிணங்கள் எழுகின்றன. புதியவர் நின்று எல்லாவற்றையும் சுடுகிறார். கையிலிருந்த தோட்டா முழுவதும் அங்கேயே தீர்ந்துபோகிறது. பிறகு ஷட்டருக்குக் கீழே ஊர்ந்து வெளியே வருகிறார், ஷட்டர் இறங்கிவிடுகிறது. சுட்ட ஜாம்பிகளும் சுடாத ஜாம்பிகளும் அந்தப் பக்கம். அந்த நடையில் (தாழ்வாரத்தில்) அடுத்த பல மணி நேரத்துக்கு உங்களுக்கு எந்த வேலையும் இல்லை. அங்கே செலவான ஒவ்வொரு தோட்டாவும் வீண். வழிமறிப்பதன் தலையில் ஒன்றிரண்டு சுட்டால் அது தள்ளாடும், அந்த நொடியில் பக்கவாட்டில் ஓடிவிடலாம். அவ்வளவு போதும்.

அடுத்ததாக மேற்குப் பக்கம் திறக்கிறது. இப்போது தோட்டா குறைவு, அதனால் சிக்கனம் பிறக்கிறது. மேற்குத் தரைத்தள நடையில் இரண்டு மூன்று ஜாம்பிகளைச் சுடாமல் வளைந்து நெளிந்து தாண்டுகிறார். ஒரு கடி வாங்குகிறார், காயம் ஆற்றும் ஒரு பச்சை மூலிகை போகிறது. திரும்பும்போது இன்னொரு கடி. இந்த நடைதான் முழு ஆட்டத்திலும் அதிகம் நடக்கப்போகிற இடம். பிரதான மண்டபத்திலிருந்து வரவேற்பறை, அங்கிருந்து மேற்கு நடை, அதன் முனையில் சேவ் செய்யும் டைப்ரைட்டரும் பொருள்பெட்டியும் உள்ள டார்க் ரூம், பக்கத்திலேயே மூன்று தளத்துக்கும் ஏறும் மேற்குப் படிக்கட்டு. இந்தக் கோட்டில் போவதும் வருவதுமாகப் பத்து முறைக்கு மேல் நடப்பீர்கள். ஒருமுறை போகும் இடத்தில் தோட்டாவைக் கொட்டிவிட்டு, பத்துமுறை போகும் இடத்தில் மூலிகையைக் கொட்டுகிறார்கள். கணக்கு தலைகீழாக இருக்கிறது.

ஜாம்பியைச் சுடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வழியாக இன்னும் எத்தனை முறை வருவேன்? ஒருமுறை என்றால் ஓடுங்கள். மூன்று முறைக்கு மேல் என்றால் அதை எழவே முடியாதபடி முடித்துவிடுங்கள். முடிப்பதென்றால் நின்று முடியுங்கள். நடந்துகொண்டே சுட்டால் குறி விரிந்திருக்கும், தோட்டாவின் வலுவும் குறையும். கால் அசையாமல் நின்றால் குறி சுருங்கும், அப்போது படும் தோட்டாவுக்குச் சேதமும் அதிகம், தலை சிதற வாய்ப்பும் அதிகம். ஜாம்பி நெருங்குகிறதே என்று பின்னால் நகர்ந்துகொண்டே சுடுகிறவர்தான் ஒரு ஜாம்பிக்கு ஒரு மேகசீன் முழுவதையும் காலி செய்கிறவர்.

காலைச் சுட்டு முடமாக்குவது அறைகளில் நல்ல உத்தி. குறுகலான நடையில் அது வேலைக்காகாது. ஊர்ந்து வருவது இருட்டில் கண்ணில் படாது, ஓடும்போது காலைக் கவ்வும்.

ஜன்னலை அடைக்கும் பலகைக்கும் வேலை இதே கோட்டில்தான். மேற்கு நடையின் ஜன்னல்கள் வழியாக வெளியிலிருந்து புதிய ஜாம்பிகள் வரும். சுத்தம் செய்த நடை மறுபடி நிரம்புவது அதனால்தான். எல்லா ஜன்னலையும் அடைக்கப் பலகை போதாது. கண்ணில் பட்ட முதல் ஜன்னலில் அடிக்காமல், டார்க் ரூமுக்குப் போகும் வழியில் உள்ளவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். பலகையைப் பொருள்பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு ஆட்டம் முடியும்வரை மறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஜாம்பி உள்ளே குதித்தபிறகு அடைத்து என்ன பயன்?

இதற்கெல்லாம் ஒரு கெடு உண்டு. பலருக்குத் தெரியாமல் போவது இதுதான். சிங்கம், யூனிகார்ன், கன்னி ஆகிய மூன்று சிலைகளின் பதக்கங்களையும் மண்டபத்துத் தேவதைச் சிலையில் பொருத்தியதும் நிலவறைக்கு வழி திறக்கும். அங்கே இறங்கி, ஜி என்னும் உருமாறும் அரக்கனோடு முதல்முறை மோதி, கார் நிறுத்துமிடம் போய், மறுபடி நிலையத்துக்குத் திரும்புவீர்கள். சிறைக் கதவுக்கு வேண்டிய இரண்டு மின் பாகங்களைத் தேடி அலைய வேண்டும். அதற்காக இரண்டாம் தளத்தில் எரியும் ஹெலிகாப்டரின் தீயை அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், அந்த ஹெலிகாப்டரைக் கையால் தூக்கி ஒதுக்கிவிட்டு, விடாமல் துரத்தும் ராட்சதனான மிஸ்டர் எக்ஸ் வருகிறான். மூல ஆட்டத்தில் அவன் இரண்டாவது சுற்றில்தான், அதாவது ஒருமுறை முடித்தபின் மற்ற நாயகரோடு ஆடும்போதுதான் வருவான். இதில் முதல் சுற்றிலேயே வருகிறான், வந்தபிறகு போவதில்லை. மேற்கு நடையில் நீண்ட நாக்குள்ள லிக்கர் என்னும் அரக்கர்களும் கூடியிருக்கும்.

இனி நிலையத்தில் ஒவ்வொரு துப்பாக்கிச் சத்தமும் அவனுக்கு அழைப்பு. நின்று நிதானமாகக் குறிவைக்க நேரம் கிடைக்காது. ஒருபுறம் அவன் காலடிச் சத்தம், மறுபுறம் நீங்கள் அன்று சுடாமல் விட்ட அதே மூன்று ஜாம்பிகள். சுத்தமான நடை என்றால் அவனிடமிருந்து ஓடுவது பெரிய விஷயமே இல்லை. அவன் நடக்கிறான், நீங்கள் ஓடுகிறீர்கள். நடையில் ஒரே ஒரு ஜாம்பி குறுக்கே நின்றாலும் போதும், கடிபட்டு நிற்கும் அந்த இரண்டு நொடியில் பின்னாலிருந்து குத்து விழும். மிஸ்டர் எக்ஸைக் கடினம் என்று சொல்கிறவர்களின் ஆட்டத்தைப் பார்த்தால், அநேகமாக அவர்களைக் கொல்வது அவன் அல்ல, அவர்கள் மிச்சம் வைத்த ஜாம்பிகள்தான்.

ஆகவே மூன்றாவது பதக்கத்தைப் பொருத்துவதற்கு முன் ஒரு சுற்று வாருங்கள். மேற்கு நடை, மேற்குப் படிக்கட்டின் மூன்று தளங்கள், இரண்டாம் தளத்தில் மண்டபத்துக்குத் திரும்பும் வழி. இவற்றில் நிற்பதையெல்லாம் முடித்துவிட்டு, ஷாட்கன் தோட்டாவை ஜி சண்டைக்கென்று ஒதுக்கிவைத்துக்கொண்டு கீழே இறங்குங்கள்.

மிஸ்டர் எக்ஸைச் சுடுவது

சாகமாட்டான். நிறையத் தோட்டா வாங்கியபின் சற்று நேரம் மண்டியிடுவான், பிறகு எழுந்து வருவான். அவசரத்துக்கு ஒரு ஃபிளாஷ் குண்டு அவனைச் சில நொடி நிறுத்தும். டைப்ரைட்டர் உள்ள பாதுகாப்பு அறைகளுக்குள் அவன் வருவதில்லை. பிரதான மண்டபத்தில் டைப்ரைட்டர் இருந்தாலும் அது அந்தக் கணக்கில் சேராது. அங்கே வருவான்.

லிக்கர் முன் ஓடுவது

அதற்குக் கண் தெரியாது. காதுதான். ஸ்டிக்கை லேசாகத் தள்ளி மெதுவாக நடந்தால் பக்கத்திலேயே கடந்து போகலாம்.

பை நிறைய வெளியே கிளம்புவது

தொடக்கத்தில் எட்டு இடம். துப்பாக்கி, தோட்டா, கத்தி, மூலிகை, சாவி என்று ஏழு போய்விடும். புதிர்ப்பொருள் ஒன்றைக் கண்டு எடுக்க முடியாமல் பொருள்பெட்டிக்குத் திரும்பி ஓடும் ஒவ்வொரு முறையும் ஜாம்பிகளைத் தாண்டிப் போய் வர வேண்டும். அதாவது, இது மேலே சொன்ன அதே செலவுதான், வேறு வடிவத்தில். மூன்று இடம் காலியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சாவியின் மேல் சிவப்பு டிக் குறி வந்துவிட்டால் அதற்கு இனி வேலை இல்லை, தூக்கி எறியலாம். அதைக் கவனிக்காமல் கடைசிவரை சுமந்து போகிறவர்கள் ஏராளம்.

வெடிமருந்தையும் உடனுக்குடன் கலந்துவிடாதீர்கள். சாதாரண மருந்தோடு சாதாரண மருந்து கலந்தால் கைத்துப்பாக்கித் தோட்டா. அதே சாதாரண மருந்தை உயர்ரக மஞ்சள் மருந்தோடு சேர்த்தால் லியோனுக்கு ஷாட்கன் தோட்டா, இன்னொரு நாயகியான கிளேருக்கு அமிலக் குண்டு. மஞ்சள் கிடைக்கும்வரை ஒன்றையாவது பெட்டியில் வைத்திருப்பது நல்லது.

ஒவ்வொரு இடுப்புப்பையும் இரண்டு இடம் கூட்டும். மேற்கு அலுவலகப் பெட்டகத்தில் ஒன்று இருக்கிறது: இடது 9, வலது 15, இடது 7. பெட்டகம் இருப்பதே தெரியாமல் அந்த அறையைக் கடந்து போவது பெரிய இழப்பு. மெட்டில்டாவுக்குக் கிடைக்கும் தோள்கட்டையைப் (ஸ்டாக்) பொருத்துமுன் மட்டும் யோசியுங்கள். பொருத்தினால் துப்பாக்கி இரண்டு இடம் பிடிக்கும். தொடர்ந்து மூன்று தோட்டா பாயும் வசதி, குறி தெளியாத கையில் தோட்டாவைக் கரைக்கும்.

மேப்பைப் பார்க்காமல் அலைவது

சிவப்பு அறையில் இன்னும் பொருள் இருக்கிறது. நீல அறையில் ஒன்றும் இல்லை. நீல அறைக்குத் திரும்பப் போகாதீர்கள்.

கிரேன் இருக்கும்போது தோட்டாவைக் கொட்டுவது

இரண்டாவது ஜி சண்டையில் அவனை வீழ்த்துவது கிரேனில் தொங்கும் கன்டெய்னர்தான். துப்பாக்கி, அவனைச் சரியான இடத்தில் நிறுத்திவைக்க மட்டும்.

ஹார்ட்கோரில் தொடங்குவது

இது கடினமான மட்டம். தானியங்கி சேவ் இல்லை, சேவ் செய்ய மை ரிப்பன் வேண்டும். மூல ஆட்டத்தை முடித்த பெருமையில் நேராக இதில் இறங்கும் பழைய ரசிகர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வழி மனப்பாடமானபிறகு ஆடவேண்டிய மட்டம் அது.

இரண்டாவது சுற்றில் பழைய விடைகளைப் போடுவது

பெட்டக எண்கள் மாறுவதில்லை. பதக்கம் எடுக்கச் சிலைகளில் வைக்கவேண்டிய சின்னங்களின் விடை மாறும். முதல் சுற்றில் சிங்கச் சிலைக்குச் சிங்கம், கிளை, பறவை. யூனிகார்னுக்கு மீன், தேள், குடம். கன்னிக்குப் பெண், வில், பாம்பு. இரண்டாவது சுற்றில் இவை எதுவும் திறக்காது. அதைவிட முக்கியம், இரண்டாவது சுற்றில் மிஸ்டர் எக்ஸ் வெகு சீக்கிரமே வந்துவிடுகிறான். மேற்கு நடையைச் சுத்தம் செய்ய முதல் சுற்றில் கிடைத்த அவகாசம் இதில் கிடைக்காது.