பழைய ஜெர்மன் ஊரின் சந்தை உரிமையைத் தேடிப் படிக்கும் முறை

ஜெர்மனி, ஆஸ்திரியா ஊர் வரலாறுகளில் 'இந்த ஆண்டில் இவ்வூர் சந்தை உரிமை பெற்றது' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். தொடக்க நூற்றாண்டுகளில் அந்த உரிமை பெரும்பாலும் பிரபுவுக்கோ ஆயருக்கோ மடத்துக்கோ கிடைத்தது. சந்தைப் பணம் யார் கைக்குப் போனது என்று கேட்டுக்கொண்டே படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதல் வேலை, உரிமையை எழுதிக் கொடுத்த பட்டயத்தின் வாசகத்தைத் தேடி எடுப்பது. கொடுத்தவர், பெற்றவர், இடம், நாள் நான்கையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். வில்லிங்கன் நல்ல மாதிரி. 999 மார்ச் 29 அன்று பேரரசர் மூன்றாம் ஓட்டோ, கோமான் பெர்தோல்டுக்கு அங்கே சந்தை கூட்டவும் நாணயம் அடிக்கவும் சுங்கம் வாங்கவும் உரிமை தந்தார். மூன்றும் சேர்ந்தே வந்ததற்குக் காரணம் உண்டு: வியாபாரத்துக்குக் கையில் காசு வேண்டும், சுங்கம்தான் பிரபுவின் வருமானம். சந்தைக்கு வருவோர்க்கு அரச பாதுகாப்பும் உண்டு. உங்கள் பட்டயத்தில் இவற்றில் எது விடுபட்டிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

அடுத்து, அது வாரச் சந்தையா ஆண்டுச் சந்தையா என்று பிரியுங்கள். 1035-இல் பேரரசர் இரண்டாம் கொன்ராட் பிரேமன் நகருக்குத் தந்தது ஆண்டுக்கு இரு சந்தைகள்: பெந்தகோஸ்துக்கு முன் ஏழு நாள், புனித வில்லேஹாட் திருநாளான நவம்பர் 8-க்கு முன் ஏழு நாள். பெந்தகோஸ்து என்ற கிறிஸ்தவத் திருநாள் ஈஸ்டரைப் பின்பற்றி ஆண்டுதோறும் நகரும். அந்தந்த ஆண்டின் ஈஸ்டர் தேதியைப் பார்க்காமல் கணக்கிட்டால் நாள் பிசகும்.

பிறகு அண்டை ஊர்களைப் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டுச் சட்டநூலான சாக்ஸென்ஷ்பீகல், ஒரு சந்தைக்கு ஒரு மைல் தூரத்துக்குள் இன்னொரு சந்தை கூடாது என்கிறது. அந்த மைல் பல கிலோமீட்டர் நீளமானது, இடத்துக்கு இடம் மாறும். இன்றைய மைலை வைத்து வட்டம் போடாதீர்கள். புதுச் சந்தை பழையதற்கு இடைஞ்சலாகக் கூடாது என்று 1232-இன் பேரரசுச் சட்டமும் சொல்கிறது. இத்தனை விதிகள் எழுந்தது சண்டையால்தான். மியூனிக்குக்கு அருகே ஃபோரிங்கில் ஃப்ரைசிங் ஆயருக்கிருந்த பாலத்தையும் சந்தையையும் பவேரியக் கோமகன் சிங்க ஹென்றி அழித்து, வணிகத்தை மியூனிக்குக்குத் திருப்பினார். 1158 ஜூன் 14 அன்று பேரரசர் பார்பரோசா அவுக்ஸ்பர்க்கில் தீர்த்து வைத்தார்: சந்தை மியூனிக்கில் நிற்கும், சுங்கத்திலும் நாணய வருவாயிலும் மூன்றில் ஒரு பங்கு ஆயருக்கு. மியூனிக் தன் பிறந்த நாளாகக் கொள்வது இந்தப் பங்கீட்டு நாளைத்தான்.

ஊருக்கே போக முடிந்தால் மனை அளவையும் சுவரையும் கவனியுங்கள். 1120-இல் ஃப்ரைபர்க்கில் வணிகர்க்கு 100 அடி நீளம், 50 அடி அகலத்தில் மனை. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் வாடகை. அங்குள்ள பேராலய முகப்பு மண்டபத்தில் 1270, 1317, 1320 ஆண்டுகளின் ரொட்டி அளவுகள் கல்லில் செதுக்கியிருக்கின்றன. ரொட்டி சிறுத்தால் வாங்குபவர் அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு!

பிழை அதிகம் நேர்வது இரண்டு இடங்களில். ஒன்று, மறு உறுதிப் பட்டயத்தை முதல் கொடையாக எண்ணுவது: பிரேமனுக்கு 965-ஐ மட்டும் சொல்வோர் அதற்கு முந்தைய 888-இன் கொடையை விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று போலிப் பட்டயம். ஹாம்பர்க் துறைமுகம் கொண்டாடும் 1189 மே 7 நாளிட்ட சுங்கவிலக்கு ஆவணம் 13-ஆம் நூற்றாண்டில் புனையப்பட்டது. எழுத்து வடிவும் முத்திரையும் சொல்லப்பட்ட காலத்தோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பிறகே ஆண்டை எழுதுங்கள்.