மழைநீர் புகுந்த படகு: ஓய்வுக்காலத்தில் ஒரு பழைய பாய்ப்படகைச் சீர்செய்யும் முறை

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கிச் சீர்செய்யப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பெயின்டுதான். நானும் அதையே செய்தேன். சென்னையில் என் வீட்டுக் கார் கொட்டகையில் கிடந்த ஒட்டுப்பலகைப் படகின் பின்பலகைக்கு இரண்டு பூச்சு வெள்ளை எனாமல் அடித்து, காய்ந்ததும் பெருமையோடு அழுத்திப் பார்த்தபோது கட்டைவிரல் பலகைக்குள் போய்விட்டது. உள்ளே இருந்தது மரமன்று. நனைந்த புகையிலைத் தூளைப் போன்ற பழுப்பு நிறக் குப்பை. அந்தப் பின்பலகையை முழுவதும் அறுத்தெடுத்து மாற்ற வேண்டியதாயிற்று.

அதைக் கெடுத்தது கடல் அன்று. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சை உப்புநீரில் எளிதில் வளர்வதில்லை. அதற்கு வேண்டியது நல்ல தண்ணீரும் காற்றும். மூடாமல் நிமிர்த்திப் போட்ட படகில் ஐப்பசி, கார்த்திகை மழை தேங்கி, பெயின்டின் விரிசல் வழியாக ஒட்டுப்பலகையின் ஓரங்களுக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் பல மாதங்கள் தங்கிவிட்டால், மேற்பூச்சு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மரம் போய்விடும். ஆகவே படகைச் சீர்செய்வது என்பது மழைநீர் எங்கே புகுந்தது, எங்கே தங்கியது, இனி எப்படிப் புகாமல் தடுப்பது என்று தேடிப் போகிற வேலை. கீழே சொல்லும் வரிசை முழுவதும் அதை ஒட்டியதே.

எந்தப் படகை எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அறுபது வயதுக்கு மேல் இந்த வேலையைத் தொடங்குகிறவர் அறையும் எஞ்சினும் உள்ள பெரிய படகை எடுக்க வேண்டாம். அது வேலையை முடிக்க விடாது. நான் எடுத்தது என்டர்பிரைஸ் வகைப் படகு. ஜாக் ஹோல்ட் 1956-இல் வடிவமைத்த இந்த இருவர் படகு 4.04 மீட்டர் நீளம் உடையது. பாய்மரமும் பாயும் இல்லாத வெறும் உடல் சுமார் 90 கிலோ எடையிருக்கும். நீலப் பாய்கள் அதன் அடையாளம். அறிமுகமான காலத்தில் விளம்பரத்துக்காக இரண்டு படகுகளை இரவு வேளையில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து ஓட்டிக் காட்டினார்கள். 1982 ஆசிய விளையாட்டின் பாய்ப்படகுப் போட்டிகள் மும்பையில் நடந்தபோது இந்த வகைக்கும் ஒரு பந்தயம் இருந்தது. பாகிஸ்தானின் பைரம் அவாரி தம் மனைவி கோஷ்பியுடன் சேர்ந்து அதில் தங்கம் வென்றார். நமக்கு முக்கியமானது வேறு: வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி தட்டையான ஒட்டுப்பலகைத் தகடுகளைக் கொண்டு வகுத்த படகு என்பதால், தச்சுப் பழக்கம் ஓரளவு உள்ளவர் அதைப் பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும். கடற்கரையில் தச்சர்கள் பலகைகளின் இடுக்கில் பஞ்சுத்திரி அடித்துக் கலப்பத்துப் பார்க்கிற வேலை இதில் கிடையாது.

விலை பேசுவதற்கு முன் ஒரு காலை நேரம் முழுவதையும் சோதனைக்கு ஒதுக்குங்கள். திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்பலகை வரை ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல பலகை ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். மக்கிய இடமும் அடுக்குப் பிரிந்த இடமும் நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடங்களில் குத்தூசியை அழுத்திப் பாருங்கள். பின்பலகையின் கீழ் விளிம்பு, நடுப்பலகை (படகு பக்கவாட்டில் நகராமல் தடுக்கத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) ஏறி இறங்கும் பெட்டி படகின் அடியோடு சேரும் இடம், பாய்மரத்தின் அடி ஊன்றும் கட்டை, பக்கத் தளத்தின் உட்புற மூலைகள் ஆகிய நான்கு இடங்களில்தான் தண்ணீர் நிற்கும். பலகையில் மட்டும் கோளாறு என்றால் வாங்கலாம். நடுவே முதுகெலும்பைப் போல ஓடும் நீளச் சட்டம் மக்கியிருந்தாலோ, பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது உடல் முறுக்கிக்கொண்டதாகத் தெரிந்தாலோ, இலவசமாகக் கொடுத்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எதையும் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு உலோகப் பொருத்தும் எந்த இடத்தில், விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது என்று படம் எடுத்து அளவு குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள். நம் வயதில் ஆறு நாளே சந்தேகம். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, உடலை நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்குங்கள். மழைநீரைப் பகைவன் என்றவன் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்வது முரணாகத் தோன்றலாம். மரத்தில் உப்பு தங்கியிருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரமானியும் பொய்யாக அதிக அளவைக் காட்டும். கழுவிய நீர் உடனே வடிந்து காய்ந்துவிடுவதால் அதனால் கேடில்லை.

காயவைப்பதற்குப் படகைக் கவிழ்த்து, பழைய டயர்களின்மேலோ மரக்குதிரைகளின்மேலோ நான்கு இடங்களில் சமமாகத் தாங்கும்படி வையுங்கள். கவிழ்ப்பதற்கு நான்கு பேர் வேண்டும். தனியாக முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை மூன்று மாதம் தள்ளிப்போகும். பிளாஸ்டிக் தாளால் இறுக மூடுவது பெரும் தவறு, ஏனெனில் மரம் விடும் ஈரம் அதன் அடியில் துளிர்த்து மரத்துக்கே திரும்பிவிடும். மேலே கூரை, பக்கங்களில் காற்று என்பதே வேண்டிய ஏற்பாடு. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை தலையெடுக்காது. ஆனால் எபாக்ஸி என்னும் இருபகுதிப் பிசினைப் பூசுவதற்கு 12 விழுக்காடு நல்லது. கடலோர ஊர்களில் 14-க்குக் கீழே வந்தாலே தொடங்கலாம். சென்னையில் இதற்குத் தை மாதம் முதல் வைகாசி வரைதான் காலம். மழைக்காலத்தைச் சுக்கான், நடுப்பலகை, கைப்பிடி போன்ற சிறு உறுப்புகளை வீட்டுக்குள் வைத்துச் சீர்செய்யப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலரத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. ஹீட் கன்னை மிதமான சூட்டில் காட்டி இளக்கி, சுரண்டியால் வழித்தெடுத்து, எஞ்சியதை நீர்க்காகிதத்தால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாகத் தேய்க்க வேண்டும். முகக்கவசம் கட்டாயம், பேரக்குழந்தைகள் அந்தப் பக்கம் வராத நேரமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மக்கிய பகுதியை வெட்டும்போது மனம் இளகக் கூடாது. கருத்த பகுதி முடிந்து, நல்ல மரம் தொடங்கிய இடத்திலிருந்து இன்னும் 50 மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள், ஏனெனில் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் மரத்திலும் ஓடியிருக்கும். மக்கிய மரத்தில் தண்ணீர் போன்ற பிசினை ஊற்றி இறுக்கிவிடலாம் என்று சொல்லி விற்கும் பொருள்களை நான் நம்புவதில்லை. மேலே ஓடு கட்டுமே தவிர, பாரம் தாங்க வேண்டிய இடத்தில் அது மரமாகிவிடாது.

மாற்றுப் பலகையாக ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டையே (படகுக்கான ஒட்டுப்பலகை) வாங்குங்கள், ஐ.எஸ். 303 வீட்டு அலமாரிக்கானது. முத்திரையை மட்டும் நம்பாமல் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை வெட்டி, பழைய பாத்திரத்தில் சில மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, உளி முனையால் அடுக்குகளை நெம்பிப் பாருங்கள்: பசை பிரிந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம், மரநார் கிழிந்தால் பலகை நல்லது. (பாத்திரம் உண்மையிலேயே பழையதாக இருக்கட்டும், இந்த விஷயத்தில் நான் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.) ஓரங்களில் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். நடு அடுக்கில் ஓர் ஓட்டை இருந்தால் அதுவே நாளைக்குத் தண்ணீர்த் தொட்டி.

பலகை 8 அடிக்கு 4 அடி அளவில்தான் வரும் என்பதால் நீளமான பகுதியை மாற்றும்போது இணைப்புத் தவிர்க்க முடியாதது. இரண்டு பலகைகளின் ஓரங்களையும் சாய்வாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் சாய்விணைப்பில், சாய்வின் நீளம் பலகைத் தடிமனைப் போல் 8 மடங்கு இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர். இழைப்புளி படியப்படிய ஒட்டுப்பலகையின் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகள் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் ஓடினால் சாய்வு சரி. வளைந்தால் அங்கே மேடு அல்லது பள்ளம் இருக்கிறது என்று பொருள். வேறு அளவுகோல் தேவையில்லை. சிறிய ஒட்டுக்கு உட்புறம் ஒரு தாங்கு துண்டு வைத்து ஒட்டுவதே போதும்.

எபாக்ஸி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குளிர்நாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு இங்கே வேலை செய்கிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் உற்பத்தியாளர் சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் கலவை ஒருநாளும் ஒழுங்காக இறுகாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒரு மார்ச் மாத நண்பகலில் அரை லிட்டர் அளவைப் பிளாஸ்டிக் கோப்பையில் கலந்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போய்த் திரும்பினேன். கோப்பை உருகிச் சரிந்து, உள்ளே மஞ்சள் கட்டியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஆகவே மெதுவாக இறுகும் ஹார்டனரைக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறைக்கு 100 அல்லது 150 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் சூடு தங்காது.

நேரமும் முக்கியம். காலையில் பூசினால், வெயில் ஏறஏற மரத்துக்குள் உள்ள காற்று விரிந்து வெளியேறிப் பூச்சு முழுவதும் குமிழ் விடும். மரம் குளிரத் தொடங்கும் மாலை 4 மணிக்குப் பூசினால் அதே காற்றுச் சுருங்கிப் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். பொருத்துகிற வேலை காலையில், பூசுகிற வேலை மாலையில் என்று வைத்துக்கொள்ளலாம். இரவின் ஈரக்காற்றில் இறுகிய பூச்சின்மேல் மறுநாள் மெழுகு போன்ற வழவழப்பு படியும். அதைத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். முன்பே தேய்த்தால் அந்த மெழுகை மரத்தோடு சேர்த்துத் தேய்த்தவர் ஆவீர்கள், அடுத்த பூச்சு ஒட்டாது.

பலகையை நனைக்க வேறெதுவும் சேர்க்காத எபாக்ஸிக் கலவை; பிறகு ஒட்டுவதற்கு நுண்மரத்தூள் சேர்த்து இட்லி மாவுப் பதம்; உள்மூலைகளை வளைவாக நிரப்புவதற்கு வடை மாவுப் பதம். உள்மூலை வளைவை மறக்க வேண்டாம். தண்ணீர் தங்குவது கூரான மூலையில். கரண்டியின் முதுகால் வழித்த வளைவில் அது நிற்காமல் ஓடிவிடும். வெட்டிய விளிம்புகளுக்கும் திருகாணித் துளைகளின் உட்புறத்துக்கும் மூன்று பூச்சு கொடுங்கள். கையுறை இல்லாமல் எபாக்ஸியைத் தொடாதீர்கள். ஒவ்வாமை ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு அதன் அருகே போகவே முடியாது.

எபாக்ஸி வெயிலைத் தாங்காது என்பதால் அதன்மேல் பெயின்டோ புற ஊதாத் தடுப்புள்ள வார்னிஷோ அவசியம். தளத்துக்கு வெள்ளை அல்லது வெளிர்நிறமே நல்லது. அடர்நீலம் பார்வைக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் சித்திரை வெயிலில் அது ஏறும் சூட்டுக்கு அடியில் உள்ள எபாக்ஸி இளகத் தொடங்கும். மரத்தின் நிறம் தெரிய வேண்டிய இடங்களில் வார்னிஷ் ஆறு பூச்சுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பழைய பித்தளைத் திருகாணிகளைத் திரும்பப் போடாதீர்கள். உப்புநீர் அவற்றின் துத்தநாகத்தைத் தின்றுவிட்டிருக்கும். சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரியும், முறுக்கினால் தலை கையோடு வரும். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைக்கிறது. ஒவ்வொரு பொருத்தின் அடியிலும் கடல் பயன்பாட்டுக்கான சீலன்ட் பூசியே முடுக்குங்கள், ஏனெனில் திருகாணித் துளைகள்தான் மழைநீரின் பெரிய வாசல்கள். பாய்மரம் அலுமினியமாக இருந்தால் அதற்கும் எஃகுப் பொருத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் தகடு ஒன்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உப்புநீரில் அலுமினியம் வெண்பொடியாக அரித்துப்போகும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின்மேல் பஞ்சை உருவிப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது, அந்தக் கம்பியை மாற்றுங்கள். பாயில் துணிக்கு முன்பே நூல் போகும். தையலை நகத்தால் கிள்ளி நூல் அறுந்தால், தார்ப்பாய் தைக்கிறவரிடம் கொடுத்துப் பாலியஸ்டர் நூலால் ஜிக்ஜாக் தையல் போட்டுக்கொள்ளலாம்.

முதல் வெள்ளோட்டத்தை இடுப்பளவு ஆழத்தில், பாய் ஏற்றாமல் நடத்துங்கள். ஒட்டுப்பலகைப் படகு ஊறி இறுகும் வகையன்று. ஒரு சொட்டுக் கசிந்தாலும் அது குறைதான், சுண்ணாம்புக்கட்டியால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மிதவைப் பைகளை ஊதிக் கட்டி, வேண்டுமென்றே படகைத் தண்ணீரால் நிரப்பி, இருவர் ஏறி உட்காருங்கள். ஒரு பக்கம் சாயாமல் மட்டமாக மிதந்தால்தான் அது கடலுக்குப் போகலாம், அப்போதும் உயிர்காப்புச் சட்டை அணிந்தே.

ஓட்டி முடித்து வந்ததும் கழுவி, அடிமூலைகளில் நிற்கும் நீரைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, வடிகால் தக்கைகளைக் கழற்றி, கவிழ்த்து வையுங்கள். தக்கைகளைப் படகிலேயே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். என்னுடையவை இரண்டு முறை காணாமல் போயின. புரட்டாசி பிறந்ததும் கூரையைப் பாருங்கள்.